பின் இருக்கை

என் கணவருக்கு ஐம்பத்தைந்து வயதில் பைத்தியம் பிடித்தது. அந்தப் பைத்தியத்துக்கு நாலு சில்லு இருந்தது, கூரை இல்லை.

கூரை இல்லை என்று சொன்னால் நஸ்ரிக்குக் கோபம் வரும். "கூரை இரிக்கி ராத்தா. மடிச்சி வெச்சிரிக்கி" என்பான். நஸ்ரி கிண்ணியாவில் வாகனத் தரகு செய்கிறவன். காரைச் சுற்றிவந்து அங்கங்கே காந்தத்தை ஒட்டிப் பார்த்தே, எங்கே இடிபட்டது, எங்கே பேஸ்ட் பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். நல்ல குடும்பக் கார் ஒன்று வேண்டுமென்றுதான் அவனிடம் போனோம். நான் ஒன்றைத் தெரிவும் செய்துவிட்டேன். வெள்ளை நிற அலியன் கார். நாலு கதவு, அகலமான பின் இருக்கை, டிக்கிக்குள் மூன்று மூடை அரிசி வைக்கலாம். ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து, "இது சரி" என்று சொல்லிக்கொண்டு திரும்பினால் மனிசனைக் காணவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு முன்னால் தாழ்ந்த ஒரு மஸ்டா, கரும்பச்சை நிறம். இரண்டே இரண்டு இருக்கை. கூரை கறுப்புத் துணி, மூலையில் கிழிந்ததைத் தைத்திருந்தார்கள். ஸஹாப்தீன் என்ற என் கணவர் அதன் முன்பக்கத்துப் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, சிரிக்கவும் தெரியாமல் சிரிக்காமல் இருக்கவும் தெரியாமல் நின்றார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"நமக்குத்தான்."

"ஆக்கள் ஏற ஏலாத கார் நமக்கு என்னத்துக்கு?"

"நாம ரெண்டு பேர்தானே, பஸ்மியா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. நஸ்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காந்தத்தைத் துடைத்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை நான் ஒளித்து வைத்திருந்து பிறகு சொல்லத் தேவையில்லை, எங்கள் சின்னத் தெரு, இந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஓதிப் பார்த்தோம், கண்டிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தோம், கொழும்புக்கும் போனோம். குறை யாரிடம் என்று கேட்ட வாய்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் நாக்கு தடித்துப் போனது. அந்த ஓட்டங்களின் நடுவில்தான் பழைய நிசான் சன்னி ஒன்றை வாங்கினோம். பிள்ளைகள் வந்தால் வாகனம் வேண்டுமே என்று வாங்கினோம். வாகனம் வந்தது.

அந்தச் சன்னியில் முதல் ஏறிய பிள்ளை, பக்கத்து வீட்டு ஷிஃபானா. அவளுடைய உம்மா பரீதாவுக்கு வலி கண்டபோது நாங்கள்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாளில் கூட்டிவரவும் போனோம். பரீதா ராத்தா பின் இருக்கையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும், சுற்றிய துணியோடு பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தார். "வெச்சிரு பஸ்மியா. உன்ட மடியும் பழகட்டும்" என்றார். ராத்தா நல்ல மனசோடு சொன்ன வார்த்தை அது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பழகினால் வரும் என்று நானும் நம்பினேன்.

பிறகு அது எங்கள் ஒழுங்கையின் வழக்கமாகிவிட்டது. யாருக்கு வலி கண்டாலும் எங்கள் வாசலில்தான் தட்டுவார்கள். போகும்போது வயிற்றுக்காரியின் தலை என் மடியில், திரும்பும்போது பிள்ளை என் மடியில். ஓட்டோ குலுக்கும் என்பது ஒரு சாட்டு. பஸ்மியா கையில் பிள்ளை வீடு வந்தால் நல்லது என்று யாரோ சொல்லி, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நாற்பது தாண்டியதும் மடி பழகட்டும் என்று சொல்வதை நிறுத்தினார்கள். பிள்ளையைத் தருவதை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குப் பத்து நிமிட ஓட்டம். அந்தப் பத்து நிமிடத்துக்கு அது என் பிள்ளை. எந்த ஊர்ச் சட்டம் என்னத்தைச் சொன்னாலும் என் பிள்ளை. வெந்நீரும் வேப்பிலையும் மணக்கிற அந்தத் தலையை முகர்ந்துகொண்டு வருவேன். பெற்றவள் களைத்துப்போய்க் கண்ணை மூடியிருப்பாள், இவர் முன்னால் ஓட்டிக்கொண்டிருப்பார், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டு வாசலில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கொடுத்த கையோடு குசினிக்குள் போய் ஏதாவது ஒரு சட்டியைப் போட்டுத் தேய்ப்பேன்.

ஆக, எனக்கு வேண்டியது அலியனின் பின் இருக்கை. அதை எந்த வாயால் சொல்வது? அதனால் அரிசி மூடையைப் பற்றிக் கதைத்தேன்.

"இதில அரிசி எங்க வைக்கிற?"

"அரிசிய ஓட்டோல அனுப்பலாம்."

"மழைக்கு?"

"கூரை இரிக்கி ராத்தா" என்றான் நஸ்ரி.

"நீ வாயப் பொத்து."

இவர் பொனற்றிலிருந்து கையை எடுக்கவேயில்லை. "முப்பது வருசம் இஞ்சின் ரூமுக்குள்ள இரிந்தனான் பஸ்மியா" என்றார். துறைமுகத்து இழுவைப் படகில் இவருக்கு இயந்திர வேலை. பெரிய பெரிய கப்பல்களை இவருடைய படகுதான் உள்ளே இழுத்து வந்து கட்டும். உலகமே வந்து படம் பிடிக்கிற துறைமுகம் அது. இவர் கண்டதெல்லாம் எண்ணெய் மானியும் சூட்டு மானியும்தான். மேலே இருப்பவன் மணி அடித்தால் கூட்டு, மணி அடித்தால் குறை. "வானத்தப் பாத்து ஒருக்கா ஓடணும். அவ்வளவுதான்."

அதற்கு எதிராக என்ன சொல்வது? நியாயமான ஆசைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

நஸ்ரி வியாபாரி, இரண்டு பக்கமும் நோகாமல் கதைக்கத் தெரிந்தவன். "காக்கா, இதக் கொண்டு போய் ரெண்டு நாள் ஓடிப் பாருங்க. சனிக்கிழம அலியனைக் கொண்டு வாறன். எது எண்டு ராத்தா சொல்லட்டும்" என்று இவரிடம் சொன்னான். எங்கள் சன்னியை அன்றே அவனிடம் விட்டோம். துறைமுகத்து உப்புக் காற்று அதன் தரையைத் தின்று, பின் இருக்கைக்குக் கீழே ரோடு தெரிந்தது. அதில் இனி எவளையும் ஏற்ற முடியாது.

மறுநாள் வியாழக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியால் சாம்பல்தீவு வரைக்கும் போனார். கூரையை மடித்துவிட்டார். ஏறும்போதே இடுப்புப் பிடித்தது, அவ்வளவு தாழ்வு. நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. முக்காட்டைக் காற்று பிடுங்கியது, நான் ஒரு கையால் அதையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழவனுக்கும் கிழவிக்கும் வந்த கேடு என்று நினைத்திருப்பார்கள். இவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு ஓட்டினார். கலியாணம் முடித்த புதிதில்கூட அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் பிடித்திருந்தது. கடல் அந்தப் பக்கம், மேலே வானம், நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரு கட்டத்தில் முக்காட்டை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் என் முகம் சிவந்திருந்தது. பிள்ளை பெறாதவள் இப்படிச் சந்தோசப்படலாமா என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை முடிந்து இவர் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேற்றில் தட்டினார்கள். தட்டின தட்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பரீதா ராத்தாவும் ஷிஃபானாவும். நான் முதல் முதல் மடியில் வைத்த பிள்ளை, இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மாப்பிள்ளை இன்பாஸ் வேலைக்குப் போன இடத்தில் போன் எடுக்கவில்லை. நாங்கள் சன்னியை விற்றது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கால் எங்கள் வாசலுக்குத்தான் வந்தது.

நான் வழக்கம்போலத் தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஓடிப்போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். பச்சைக் கார். இரண்டு இருக்கை.



"ஏத்துங்க" என்றார் இவர். நானும் ராத்தாவும் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கிணற்றுக்குள் வாளி இறக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தாழ்ந்த இருக்கைக்குள் இறக்கினோம். ஷிஃபானா பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமி, நீங்க வாங்க, மாமி" என்று என் கையை விடவில்லை. எங்கே ஏறுவது? அவளுடைய விரல்களை நான்தான் பிரித்தேன். தலையணையை முதுகுக்கு வைத்தேன். கார் போய்விட்டது. ராத்தா பையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடி ஓட்டோ பிடித்தார். "நீயும் வா" என்று கூப்பிட்டார். எனக்கு அங்கே என்ன வேலை? மடி தேவைப்படாத இடத்தில் நான் யார்? வரவில்லை என்று கையைக் காட்டினேன்.

ஒழுங்கையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒன்று நான் இல்லாமல் பிறக்கப் போனது அதுதான் முதல் தடவை. அந்தக் காரைக் கல்லால் அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது. மனிசன் வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று உள்ளே போனேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வந்தார். "பொம்புளப் புள்ள. சுகம். ரெண்டு பேரும் சுகம்" என்றார். கதிரையில் இருக்காமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இப்ப விளங்கிச்சா?" என்று தொடங்கினேன் நான். "அந்தப் புள்ள வயித்த மடக்கிக்கிட்டு எப்பிடிப் போனது எண்டு கண்டீங்களா? ஒரு ஆளுக்கு ஆபத்து அவசரத்துக்கு உதவாத சாமான் நமக்கு எதுக்கு? நாளைக்கு இன்னொருத்தி வந்து தட்டினா என்ன செய்யிற?"

"தட்டக் கூடாது எண்டுதான்" என்றார்.

"என்ன?"

"ஆரும் வந்து தட்டக் கூடாது. அதுக்குத்தான் அந்தக் கார் கேட்டனான்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. இவர் அப்படிப்பட்ட மனிசன் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்தும் எழும்பிக் காரை எடுத்தவர். குனிந்துகொண்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"போன நோன்புக்கு நீ ஒரு நோன்பும் விடல்ல, பஸ்மியா."

மாதவிலக்கு நாட்களில் நாங்கள் நோன்பு பிடிப்பதில்லை. பெருநாள் கழிந்த பிறகு, விட்ட நோன்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீர்ப்போம். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் எனக்கு அந்தக் கடன் இருந்தது. போன வருடம் இல்லை. முழு மாதமும் பிடித்தேன். எனக்கு நின்றுபோய்விட்டது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, இவருக்கும் சொல்லவில்லை. விடியமுன் சஹருக்கு எழும்பிச் சமைத்தேன், இவரோடு இருந்து சாப்பிட்டேன், இவரும் பேசாமல் சாப்பிட்டார். கண்டுகொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன்.

"அது முடிஞ்சி, பெருநாளைக்குப் பிறகு, தெக்குப் பக்கத்து வீட்டு மருமகளக் கூட்டி வந்தமே. சப்ரினா" என்றார். "நீ பின்னுக்குப் புள்ளைய வெச்சிரிந்தாய். கண்ணாடியால பாத்தனான். முந்தியெல்லாம் நீ புள்ளையப் பாக்கிற பார்வையில, நமக்கும் வரும் எண்ட ஒரு அவசரம் இரிக்கும். அண்டைக்கு, வெளிநாட்டுக்குப் போற ஆள எயார்போட்டுல விட்டுட்டு நிக்கிற ஆக்கள் மாதிரிப் பாத்தாய். உன்ட வாய் நடுங்கிச்சி." பெருவிரலால் உள்ளங்கையைத் தேய்த்தார். "எல்லாத் தரமும் பாக்கிறனான். அண்டைக்குப் பிறகு ஏலாது. என்னால ஏலாது."

அவர் அழுதார். முப்பது வருடம் இயந்திரச் சத்தத்துக்குள் இருந்தவருக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும். நல்ல மனைவிகள் அதைத்தான் செய்வார்கள். எனக்கு வந்தது ஆத்திரம். "ரோட்டப் பாத்து ஓடுறதுக்கென்ன?" என்று கத்தினேன். "கார் ஓடுற ஆளுக்குப் பின்னுக்கு என்ன பார்வை?"

இத்தனை வருடம் அங்கே நான் தனியாக இருந்தேன் என்று நினைத்தேன். பிள்ளையின் தலையை முகர்ந்தது, அதன் காதுக்குள் பெயர்கள் சொன்னது, நான் எனக்கென்று வைத்திருந்த பெயர்கள், துணியை விலக்கிக் கால் விரல்களை எண்ணியது, எல்லாவற்றையும் இந்த மனிசன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார். நான் அழுதபோது அவரும் முன்னால் இருந்து அழுதாரோ என்னவோ. எனக்கு எங்கே தெரியும்? நான் அவருடைய பிடரியைத்தான் கண்டேன். ஒரே காருக்குள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்.

பிறகு நானும் படியில் உட்கார்ந்தேன். தொழுகை நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

சனிக்கிழமை நஸ்ரி அலியனைக் கொண்டுவந்து பச்சைக் காருக்குப் பின்னால் நிறுத்தினான். "என்ன ராத்தா, எது?" என்றான். இவர், "அவ சொல்றதுதான்" என்றார். சொன்ன முகத்தில் கோபமோ ஆசையோ இல்லை. நான் பச்சை என்று சொல்லியிருந்தாலும் அதே முகத்தோடு தலையாட்டியிருப்பார்.

பச்சை என்று சொல்லத்தான் என் நாக்கு எழும்பியது. பாலத்தில் அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காரை வாங்கினால் எங்கள் கதை முடிந்தது என்று ஒழுங்கைக்கே பலகை எழுதித் தொங்கவிட்ட மாதிரி. அதற்கு நான் தயாரில்லை. அதைவிட, ஷிஃபானாவின் விரல்களைப் பிரித்த கை இன்னும் எனக்கு நொந்துகொண்டிருந்தது.

"வெள்ளை" என்றேன்.

இவர் சாவியை நஸ்ரியிடம் கொடுத்தார். கொடுக்கும் முன் பச்சைக் காரின் கூரையை இழுத்து மூடி, கொளுக்கிகளைச் சரியாகப் பூட்டினார். "மழை வரும் போல" என்றார். வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷிஃபானாவைக் கூட்டிவரப் போனோம். இன்பாஸ் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். ஷிஃபானா மெல்ல நடந்து வந்து அலியனின் பின் இருக்கையில் ஒரு கரையில் ஏறினாள். பரீதா ராத்தா பேத்தியை ஏந்திக்கொண்டு கார்க் கதவருகே நின்று, நான் ஏறட்டும் என்று வழிவிட்டார்.

"ஏறு பஸ்மியா. புள்ளையப் புடி."

பிள்ளையை வாங்கினேன். நெற்றி சுருங்கி, உம்மாவை உரித்து வைத்த முகம். ஷிஃபானாவும் பிறந்த அன்று இப்படித்தான் இருந்தாள். நின்ற நிலையிலேயே நெற்றியில் முத்தம் கொடுத்தேன். மணத்தை முகரவில்லை. முகர்ந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

"நீங்க ஏறுங்க ராத்தா" என்று பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன். "உங்கட பேத்தி. நீங்க வெச்சிரிங்க. நான் முன்னுக்கு ஏறுறன்."

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல் ஏறினார். நான் அவருடைய கதவைச் சாத்திவிட்டு, முன் கதவைத் திறந்து இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் சாவியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓடுங்க" என்றேன்.

முன்னால் இருந்தால் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தேன், பிறகு எடுத்துக் கதவில் வைத்தேன். உட்துறைமுக வீதியில் திரும்பியதும் பிள்ளை அழத் தொடங்கியது. ராத்தா தட்டினார், ஆட்டினார், ஓதி ஊதினார். ஷிஃபானா, "மாமி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். இவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்து ஓட்டினார். நானும் திரும்பவில்லை. வீடு வரும்வரை பிள்ளை அழுதது. வயிற்றோடு அணைத்து, முதுகில் உள்ளங்கையைப் பரத்தி வைத்து, கார் ஆடுகிற பக்கத்துக்கே சாய்ந்து கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அழுகையை நிறுத்தும். அது எனக்குத் தெரியும்.